நூலாக வந்ததும் ஆளாக வந்ததும்

பரங்கிமலையில் தொடங்கும் மவுண்ட்–பூந்தமல்லி சாலை நந்தம்பாக்கம், ராமாபுரம், போரூர், ஐயப்பன்தாங்கல், காட்டுப்பாக்கம், குமணன்சாவடி என்று மேற்கே ஓடிப் பூந்தமல்லியைத் தொடுகிறது. சாலையின் கிழக்கு முனையில், குன்றின் உச்சியில், போர்த்துக்கீசியர் 1523இல் கட்டிய மாதா கோயில் நிற்கிறது. 1547இல் அங்கே கிடைத்த கற்சிலுவை ஒன்று பீடத்தில் பதிக்கப்பட்டிருக்கிறது. அதன் விளிம்பில் ஓடுவது பஹ்லவி எழுத்து. போர்த்துக்கீசியக் கப்பல் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே பாரசீகத் திருச்சபையோடு உறவு கொண்ட கிறித்தவர்கள் இந்தக் கரையில் வாழ்ந்ததற்கு அந்தக் கல்லே சாட்சி. மேற்கு முனையான பூந்தமல்லியில் இருப்பது கோல்கொண்டா ஆட்சிக் காலத்துப் பழைய பள்ளிவாசல்.

பூந்தமல்லிக்கு வடக்கே அம்பத்தூரும் ஆவடியும் வளர்ந்தது பிற்காலத்தில். 1960களில் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் ஆவடி டாங்கித் தொழிற்சாலையும் எழுந்தபோது, வேலை தேடி வந்தவர்கள் தங்கள் சபைகளையும் ஜமாஅத்துகளையும் கூடவே கொண்டுவந்தார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் கிறித்தவர்கள் 6.12 விழுக்காடு, முஸ்லிம்கள் 5.86 விழுக்காடு. எண்ணிக்கையில் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும் இந்த இரு சமூகத்தாரும் ஒரே ஷிப்டில் வேலை செய்கிறார்கள், ஒரே அடுக்ககத்தில் குடியிருக்கிறார்கள். பக்ரீத் பிரியாணி ஒரு வீட்டிலிருந்து போகிறது. கிறிஸ்துமஸ் கேக் இன்னொரு வீட்டிலிருந்து வருகிறது.

நம்பிக்கையைப் பற்றிய பேச்சு மட்டும் அப்படிப் போய்வருவதில்லை. எப்போதாவது எழுந்தாலும் இரண்டில் ஒன்றாக முடிந்துவிடுகிறது. “எல்லாச் சாமியும் ஒண்ணுதான்” என்று சொல்லி ஒருவர் பேச்சை மூடிவிடுவார். அல்லது “உங்க வேதத்துலயே இப்படித்தானே இருக்கு” என்று இன்னொருவர் சண்டையைத் தொடங்கிவைப்பார். முதலாவதில் அன்பு உண்டு, அக்கறை இல்லை. அடுத்த வீட்டுக்காரர் உயிரினும் மேலாக வைத்திருக்கும் ஒன்றைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதே இல்லை என்று அது சொல்லிவிடுகிறது. இரண்டாவதில் அக்கறைபோல் ஒன்று தெரியும். ஆனால் அது எதிராளியைக் கேட்பதற்கான அக்கறை அல்ல.

இரண்டுக்கும் அடியில் ஒரே பிழை கிடக்கிறது. ஒப்பிடும்போது எல்லோரும் வேதாகமத்துக்கு எதிரே குர்ஆனை வைக்கிறார்கள், இயேசுவுக்கு எதிரே முகம்மது நபியை வைக்கிறார்கள். பார்வைக்குச் சரியாகத்தான் தோன்றுகிறது. 1940களில் லாகூரில் கற்பித்த கனடா நாட்டு அறிஞர் வில்பிரட் கான்ட்வெல் ஸ்மித், ஈரானிய அறிஞர் செய்யித் ஹுசைன் நஸ்ர் போன்றவர்கள் இந்த வரிசையைக் கலைத்துப் போட்டார்கள். கிறித்தவத்தில் கிறிஸ்து இருக்கும் இடத்தில் இஸ்லாத்தில் இருப்பது குர்ஆன் என்றார்கள். இறைவன் தன்னை உலகுக்குத் தந்தது எந்த வடிவில் என்ற கேள்விக்கு முஸ்லிமின் விடை ஒரு நூல். கிறித்தவரின் விடை ஓர் ஆள். இதை ஏற்றுக்கொண்டால், இரு சமயங்களிலும் புதிராகத் தெரியும் பல பழக்கங்கள் தாமாகவே விளங்கத் தொடங்குகின்றன.

இதற்குப் பெரிய நூலகம் எதுவும் தேவையில்லை. கைகளைப் பார்த்தால் போதும்.

ஞாயிறு காலை சபைக்குப் போகிறவர் கையில் ஜிப் வைத்த உறைக்குள் வேதாகமம் இருக்கும். திறந்தால் சிவப்பிலும் நீலத்திலும் அடிக்கோடுகள், ஓரத்தில் தேதி, பிரசங்கக் குறிப்பு, நடுவே மடித்துச் செருகிய காகிதங்கள். பல வருடம் ஊன்றிப் படித்ததன் அடையாளம் அந்தக் கோடுகள்தாம். முஸ்லிம் வீட்டிலோ குர்ஆன் உயரமான தட்டில், துணி உறைக்குள் இருக்கும். ஒளு என்ற தூய்மைச் சடங்கைச் செய்துவிட்டுத்தான் எடுப்பார்கள். மரத்தாங்கியில் விரித்து ஓதுவார்கள். அதைத் தரையில் வைப்பதில்லை. பேனாவால் கோடு போட யாருக்கும் கை வராது. இதை மட்டும் பார்க்கிறவர், கிறித்தவருக்குத் தம் வேதத்தின்மேல் மரியாதை குறைவோ என்று எண்ணக்கூடும்.

அவர் அதே ஞாயிறு, கத்தோலிக்கக் கோயிலில் நற்கருணை வழங்கும் நேரத்தில் போய் நிற்க வேண்டும். அப்பத்தின் ஒரு துகள்கூடக் கீழே விழாமல் பார்த்துக்கொள்கிறார்கள். மீந்தது பேழைக்குள் வைத்துப் பூட்டப்படுகிறது. அதன் அருகே ஒரு விளக்கு இரவும் பகலும் எரிகிறது. பேழையைக் கடக்கும் பாட்டி, மூட்டு வலியோடும் ஒரு கணம் முழந்தாள் மடக்கிவிட்டுத்தான் போகிறார். முஸ்லிம் தம் குர்ஆனிடம் காட்டும் அச்சம் கலந்த அன்பு, கத்தோலிக்கரிடம் இந்த அப்பத்தின் முன்னால் வெளிப்படுகிறது. சி.எஸ்.ஐ., லூத்தரன் சபையார் திருவிருந்தை வேறு விதமாக விளக்குவார்கள். பெந்தெகொஸ்தேயினர் இன்னும் வேறு விதமாக. ஆனால் நடுவில் இருப்பது கிறிஸ்து என்ற ஆள் என்பதில் அவர்களுக்குள் வேறுபாடு இல்லை. வேதாகமம் அவரைப் பற்றிய சாட்சி. ஆகவே அதை மொழிபெயர்க்கலாம். சீகன்பால்க் தரங்கம்பாடியில் 1715இல் அச்சிட்ட தமிழ்ப் புதிய ஏற்பாடு, அதை வாசித்தவர்களுக்கு வேதமேதான். இயேசு பேசியது அரமேய மொழி; நற்செய்திகள் எழுதப்பட்டது கிரேக்கத்தில். கிறித்தவம் தன் பிறப்பிலேயே மொழி கடந்துதான் வந்திருக்கிறது. குர்ஆனின் தமிழாக்கமோ பொருள் விளக்கம், குர்ஆன் ஆகாது. தொழுகையில் ஓதப்படுவது அரபு மூலம் மட்டுமே, ஏனெனில் இறங்கியது அந்தச் சொற்கள்.

பிள்ளைகளைக் கவனித்தால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தலைத்துணியும் தொப்பியுமாக மதரஸாவுக்கு ஓடும் பிள்ளை, பொருள் தெரியாத வயதிலேயே அரபு எழுத்துகளை நாவில் ஏற்றுகிறது. முழுக் குர்ஆனையும் ஓதி முடிக்கும் நாளில் வீட்டில் இனிப்பு வழங்குகிறார்கள். அடுத்த வீட்டுப் பிள்ளை வெள்ளை உடுப்பும் கையில் மெழுகுவர்த்தியுமாகப் புதுநன்மை வாங்குகிறது. அதற்கும் வீட்டில் விருந்து உண்டு. ஒரு பிள்ளை இறைவனின் சொல்லை வாய்வழியே நெஞ்சுக்குள் ஏற்றிக்கொள்கிறது. இன்னொன்று இறைவனின் உடல் என்று நம்பப்படும் அப்பத்தை வாய்வழியே உட்கொள்கிறது. 114 அத்தியாயங்களையும் மனப்பாடமாக வைத்திருக்கும் ஹாஃபிழ், ரமலான் இரவுகளில் தராவீஹ் தொழுகை நடத்தும்போது, நடமாடும் வேதமாகவே நிற்கிறார். அந்தக் குரலுக்குப் பின்னால் வரிசையாக நிற்பவர்கள் பெறுவதை வேறெதோடாவது ஒப்பிட வேண்டுமானால், பூசையில் நற்கருணை வாங்குகிறவர்கள் பெறுவதோடுதான் ஒப்பிட வேண்டும்.

இந்த வரிசையைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆக்ராவில் 1854 ஏப்ரல் 10, 11 தேதிகளில் நடந்த விவாதம் சான்று. ஒரு பக்கம் ஜெர்மானிய மிஷனரி கார்ல் பிஃபாண்டர். மறுபக்கம் மௌலானா ரஹ்மத்துல்லாஹ் கைரானவியும் மருத்துவர் வசீர் கானும். பிஃபாண்டர் குர்ஆனை எதிர்த்து நூல் எழுதியவர். எளிதாக வெல்லலாம் என்று வந்தார். கைரானவி தரப்போ ஐரோப்பாவிலேயே வெளியான வேதாகம ஆய்வுகளைத் தருவித்துப் படித்திருந்தது. வேதாகமப் படிகளுக்குள் வேறுபாடுகள் உண்டென்று ஐரோப்பிய அறிஞர்களே எழுதியதை எடுத்து முன்னே வைத்தார்கள். சில இடங்களில் வேறுபாடு உண்டென்று பிஃபாண்டர் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. கைரானவிக்கு வழக்கு அத்துடன் முடிந்தது, ஏனெனில் ஒரு சொல் மாறினாலும் இறைவாக்கு இறைவாக்காக நிற்காது. பிஃபாண்டருக்கு அது சிறு விஷயம், ஏனெனில் நாலு சாட்சிகள் நாலு விதமாகச் சொன்னாலும் சாட்சி சொல்லப்பட்டவர் மாறுவதில்லை. இருவரும் வென்றதாகவே எண்ணிக் கலைந்தார்கள். கைரானவி பின்னர் எழுதிய ‘இஸ்ஹாருல் ஹக்’ நூல்தான், அடுத்த நூற்றாண்டில் தென்னாப்பிரிக்காவின் அஹமத் டீடாட்டுக்கு வழிகாட்டியது. டீடாட்டின் நூல்களும் ஒளிநாடாக்களும் தமிழகத்துத் தெருக்கள்வரை வந்தன. இன்று செல்பேசியில் பரவும் வாதங்களில் பாதி, ஆக்ராவில் பேசியதன் மறுபதிப்பு.

இதைவிட நல்ல உரையாடல் ஆயிரம் வருடங்களுக்கு முன்பே நடந்திருக்கிறது. அதற்குப் பரங்கிமலைச் சிலுவையோடு உறவும் உண்டு. அந்தச் சிலுவையைச் செதுக்கியவர்கள் சார்ந்திருந்த கீழைத் திருச்சபையின் தலைவர் முதலாம் திமோத்தேயு, ஏறத்தாழ 781இல் பாக்தாதில் கலீஃபா அல்-மஹ்தியோடு இரண்டு நாள் உட்கார்ந்து பேசினார். இறைவனுக்கு மகன் எப்படி, ஒருவர் மூவராவது எப்படி, இறைவன் சாவது எப்படி என்று கலீஃபா நேராகவே கேட்டார். திமோத்தேயு எதையும் மறைக்கவில்லை, எதையும் விட்டுக்கொடுக்கவுமில்லை. முகம்மதைப் பற்றி என்ன சொல்கிறீர் என்று கேட்டபோது, ஒரே இறைவனைப் போதித்தவர் என்பதால் இறைவாக்கினர்களின் பாதையில் நடந்தவர் என்று பதில் சொன்னார். கலீஃபா அந்தப் பதிலோடு நிறைவு கொள்ளவில்லை; அப்படியானால் அவருடைய தூதை ஏற்க வேண்டியதுதானே என்று மேலும் வற்புறுத்தினார். ஆயினும் பேச்சு அறுந்துபோகவில்லை. ஆட்சி ஒருவர் கையில், சிறுபான்மைச் சபை இன்னொருவர் பொறுப்பில் என்ற நிலையிலும் அது நடந்தது.

கலீஃபா கேட்ட கேள்விகளையே அம்பத்தூர் பட்டறையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு நண்பர் இன்னொருவரிடம் கேட்கிறார். இறைவன் சாவது எப்படி என்ற கேள்வியில்தான் எல்லாம் பிரிகிறது. அதுவரை இயேசுவின் வரலாற்றைச் சொல்வதில் இரு நம்பிக்கைகளும் வியப்பூட்டும் அளவுக்கு ஒன்றாகவே நடந்து வருகின்றன. குர்ஆனின் 19ஆம் அத்தியாயத்துக்கு மர்யம், அதாவது மரியாள், என்றே பெயர். குர்ஆனில் பெயர் சொல்லிக் குறிக்கப்படும் ஒரே பெண் அவர். ஈஸா நபி, அதாவது இயேசு, தந்தையின்றிப் பிறந்தார், நோயாளிகளைக் குணமாக்கினார், இறைவன் அனுமதியால் இறந்தவர்களை எழுப்பினார், இறுதிக் காலத்தில் திரும்பி வருவார் என்று முஸ்லிமும் நம்புகிறார். குர்ஆனில் முகம்மது என்ற பெயர் நான்கு முறை வருகிறது. ஈஸாவின் பெயர் சுமார் 25 முறை. மக்காவில் துன்புறுத்தப்பட்ட முதல் முஸ்லிம்கள் அபிசீனியாவின் கிறித்தவ மன்னரிடம் அடைக்கலம் தேடிப்போனபோது, அரசவையில் ஓதிக் காட்டியது மர்யம் அத்தியாயத்தைத்தான் என்கிறது இஸ்லாமிய மரபு. நஸ்ர் இங்கே இன்னொரு பொருத்தம் காட்டுகிறார். இறைவனின் சொல்லைச் சுமந்த மரியாள் கன்னி; இறைவனின் நூலைச் சுமந்த நபி எழுதப் படிக்கக் கல்லாதவர். வந்தது மனிதரின் கைவண்ணம் அல்ல என்பதை இரு சமயங்களும் ஒரே மாதிரித்தான் காத்து நிற்கின்றன.

பிறகு சிலுவை. ஈஸாவைக் கொல்லவுமில்லை, சிலுவையில் அறையவுமில்லை, இறைவன் தன்னிடம் உயர்த்திக்கொண்டான் என்கிறது குர்ஆனின் நான்காம் அத்தியாயம். தன் தூதரை எதிரிகளிடம் அப்படி விட்டுவிட இறைவனால் முடியுமா என்பது முஸ்லிமின் கேள்வி. அங்கே இறைவன் தன்னையே விட்டுக்கொடுத்தார் என்பது கிறித்தவரின் அறிக்கை. இதை எந்த நல்லிணக்க மேடையும் பூசி மெழுகக் கூடாது. ஒருவருக்கு இறைவனின் மாண்பைக் காப்பதாகத் தெரிவது, மற்றவருக்கு இறைவனின் அன்பை மறுப்பதாகத் தெரிகிறது. பாவத்தைப் பற்றிய எண்ணமும் இதனோடு பிரிகிறது. குர்ஆனில் ஆதம் வருந்தினார், இறைவன் மன்னித்தான், அவ்வளவுதான். ஒருவர் சுமையை இன்னொருவர் சுமப்பதில்லை. எனவே மீட்பர் தேவைப்படவில்லை, வழிகாட்டிகள் போதும். கிறித்தவத்தில் ஆதாமின் விழுகை மனித இயல்பிலேயே விரிசல் விழச் செய்துவிட்டது. வழிகாட்டி மட்டும் போதாது, தூக்கிவிட ஓர் ஆள் வேண்டும். கத்தோலிக்கர் குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்வதும், முஸ்லிம் யாரையும் இடையில் நிறுத்தாமல் தவ்பா செய்து இறைவனிடமே மன்னிப்புக் கேட்பதும் இந்த வேறுபாட்டின் கிளைகள்.

2025இல் இரண்டு நோன்புகளும் சேர்ந்தே வந்தன. தமிழ்நாட்டில் ரமலான் மார்ச் 2இல் தொடங்கியது. மார்ச் 5 திருநீற்றுப் புதன். மாலையில் பள்ளிவாசல் வாசலில் தூக்குவாளியோடு நோன்புக் கஞ்சிக்கு வரிசை நின்றது. வெள்ளிக்கிழமை மாலைகளில் கோயில்களில் பதினான்கு தலங்களின் சிலுவைப் பாதை நடந்தது. கடுமையை அளந்தால் இரண்டும் வெகு தூரம். வைகறையிலிருந்து சூரியன் மறையும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லாமல், உலைக்களத்தில் நிற்கும் தொழிலாளிகூட நோற்பது ரமலான் நோன்பு. கத்தோலிக்கத் திருச்சபை கட்டாயமாகக் கேட்பது திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் மட்டுமே. மற்றபடி வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி தவிர்ப்பு. பலர் தாமாகவே நாற்பது நாளும் அசைவம் தொடுவதில்லை. ஆனால் நோக்கம் வேறு என்பதுதான் முக்கியம். ரமலான், குர்ஆன் இறங்கிய மாதம். அந்த நூலுக்காக நோன்பு. தவக்காலம், ஓர் ஆள் பட்ட பாடுகளோடு கூட நடப்பது. பாடுகளின் நினைவை இஸ்லாத்தில் தேடினால், ஆயிரம் விளக்கு பள்ளிவாசலில் முஹர்ரம் அனுசரிக்கும் ஷியா சமூகத்தாரிடம், கர்பலாவில் வீழ்ந்த ஹுசைனுக்கான கண்ணீரில் அதைக் காணலாம். அதே ஆஷூரா நாளில் சுன்னத் ஜமாஅத்தார் நோற்கும் நோன்பு, மூசா நபி காப்பாற்றப்பட்டதற்கான நன்றி.

வார விடுமுறையில் முஸ்லிம் தொழிலாளிக்கு ஓர் இடைஞ்சல் உண்டு. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 52ஆம் பிரிவில், வாரத்தின் முதல் நாளை விடுமுறையாக்கியது. அதாவது ஞாயிறு. கிறிஸ்து உயிர்த்த நாள் என்று கொண்டாடப்பட்ட அந்த நாளை ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் 321இல் ஓய்வு நாளாக்கினார்; அதன் நீட்சி அம்பத்தூர் ஆலை வாசல்வரை வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு மதிய இடைவேளைதான் கிடைக்கிறது. குர்ஆன் வெள்ளியை ஓய்வு நாளாக்கவில்லை; பாங்கு கேட்டதும் வணிகத்தை விட்டு வரச் சொல்கிறது, தொழுகை முடிந்ததும் பிழைப்பைத் தேடிக் கலைந்துபோகச் சொல்கிறது. ஆகவே அரை மணி நேரம் கூடுதலாக அனுமதிக்கும் ஒரு மேற்பார்வையாளர் இருந்தால் சிக்கல் தீர்ந்துவிடும். அந்த அனுமதி சட்டத்தில் இல்லை, மனிதரைப் பொறுத்தது.

சமயங்களுக்கு நடுவே உள்ள கோடுகளைப் போலவே சமயத்துக்குள் ஓடும் கோடுகளும் ஆழமானவை; சில நேரம் அவையே அதிகம் சுடுகின்றன. அந்தியில் மக்ரிப் தொழுகை முடியும் நேரம், பள்ளிவாசல் வாசலில் கைக்குழந்தையோடு இந்து, கிறித்தவத் தாய்மார்களும் நிற்பார்கள்; ஹஜ்ரத் ஓதி ஊதினால் குழந்தையின் பயம் தீரும் என்று நம்பிக்கை. செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கோயிலிலும் இதே கலவைதான். நாகூருக்கும் வேளாங்கண்ணிக்கும் போகும் கூட்டம் ஒரே கூட்டம். இதை ஏற்பவர்களும் எதிர்ப்பவர்களும் இரு சமயத்திலும் உண்டு. தர்கா வழிபாடு கூடாது என்று, ஓரிறைக் கொள்கையை வலியுறுத்தும் தவ்ஹீத் அமைப்புகள் சொல்வதும், சுரூபம் கூடாது, புனிதர் பரிந்துரை கூடாது என்று சீர்திருத்தச் சபைகள் சொல்வதும் ஏறத்தாழ ஒரே வாதம். வழிமுறையும் ஒன்றே, அதாவது நூலுக்குத் திரும்புவது, அதுவும் தமிழில் படித்து. பழைய பள்ளிவாசல்களில் வெள்ளிக்கிழமை பயான் என்ற தமிழ்ச் சொற்பொழிவு முதலில், தொழுகைக்கு முந்திய குத்பா உரை அரபியில். தவ்ஹீத் பள்ளிகளில் குத்பாவே தமிழில் நடக்கிறது. தரங்கம்பாடி லூத்தரன்கள் செய்ததை அறியாமலே அந்த இளைஞர்கள் அதே தடத்தில் நடக்கிறார்கள்.

திருமணத்திலும் நூலும் ஆளும் தெரிகின்றன. நிக்காஹ் ஓர் ஒப்பந்தம்: சம்மதம், இரு சாட்சிகள், மணமகன் தர வேண்டிய மஹர், எல்லாம் பதிவேட்டில் எழுதப்படும். கத்தோலிக்கருக்குத் திருமணம் அருட்சாதனம். கிறிஸ்துவுக்கும் திருச்சபைக்கும் உள்ள பிணைப்பின் உருவம், ஆகவே பிரிக்க முடியாதது. இத்தனை வேறுபட்ட இரண்டின் மேலும் தமிழ் மண் தன் முத்திரையைக் குத்தியிருக்கிறது. கிறித்தவ மணமகன் சிலுவை பதித்த தாலி கட்டுகிறார்; பல முஸ்லிம் குடும்பங்களில் மணமகள் கழுத்தில் கருகமணி ஏறுகிறது.

வரதட்சணையும் அதே மண்ணிலிருந்துதான் இரண்டுக்குள்ளும் ஏறியது, அதற்கு எந்த நியாயமும் கிடையாது. கொடுக்க வேண்டியவர் மணமகன் என்று சொல்லும் மார்க்கத்தில், சில ஆயிரம் ரூபாய் மஹர் எழுதிவிட்டு, பல பவுன் நகையையும் பைக்கையும் வாங்கிக்கொள்கிறார்கள். தன்னையே கொடுத்தவரின் உருவம் என்று சொல்லும் திருமணத்தில், மணமகன் வீட்டார் பட்டியல் போடுகிறார்கள். 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம், வரதட்சணை என்பதன் விளக்கத்திலிருந்து மஹரை விலக்கி வைத்திருக்கிறது. இரண்டும் நேர் எதிர் என்பது சட்டத்துக்குத் தெரியும். வரதட்சணைத் திருமணங்களை நடத்தித் தருவதில்லை, அவற்றில் கலந்துகொள்வதில்லை என்று தவ்ஹீத் அமைப்புகள் எடுத்த முடிவைச் சுன்னத் ஜமாஅத்துகளும் எடுக்கலாம். நிக்காஹ் பதிவேடு அவர்கள் கையில்தான் இருக்கிறது. கோயில்களில் மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் உண்டா என்று சபையைக் கேட்கிறார்கள். என்ன வாங்கப்பட்டது என்ற கேள்வியையும் பங்குத்தந்தையும் ஆயரும் அதற்கு முன்பே இரு வீட்டாரிடமும் கேட்கலாம்.